2.5 என்ற எண்: அட்டையில் பொருந்திய தொகுப்பு பிளைவுட்டில் ஏன் பொருந்தவில்லை?

லேசர் கட்டரில் வெட்டி, பசையில்லாமல் ஒன்றில் ஒன்று செருகிக் கோக்கும் துண்டுகளின் தொகுப்பு அது. அட்டையில் கச்சிதமாகப் பொருந்தியது, பிளைவுட்டில் வெட்டியதும் காலை வாரிவிட்டது. பாதித் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையவே இல்லை. தட்டி நுழைத்தவற்றில் காடியின் (துண்டைச் செருகும் பள்ளத்தின்) வாயோரம் மேல் அடுக்கு சிலும்பிப் பிளந்தது. அளவைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி வெட்டியபோது குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரே பலகையில், ஒரே கோப்பிலிருந்து வெட்டிய துண்டுகளில் சில இறுகப் பிடித்தன, சில தூக்கினாலே கழன்று விழுந்தன. “மிஷின்லதான் ஏதோ கோளாறு” என்றார்கள் இருவரும். எந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை.

அந்த இருவரும் லேசர் கட்டிங், ஸ்டிக்கர் கட்டிங் இரண்டையும் முதன்முறையாகக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் இயந்திரப் பொறியியல் படித்தவர். வரைபடமும் டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) காகிதத்தில் அத்துப்படி. இன்னொருவர் கிராஃபிக் டிசைனர். வெக்டர் வரைவதில் கைதேர்ந்தவர், வெர்னியரை (நுண்ணளவு எடுக்கும் கருவி) கையில் பிடித்ததில்லை. நான் கூடவே இருந்து வழிகாட்டினேன், குறிப்பெடுத்தேன். இந்த ஆய்வு அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது. லேசர் கட்டரில் முதல் பிரஸ்-ஃபிட் (அழுத்திச் செருகிப் பொருத்தும்) வேலையைச் செய்யும் யாருக்கும் இதே சங்கிலி இதே வரிசையில் நடக்க வாய்ப்பு அதிகம் என்பதால் எண்களோடு எழுதுகிறேன்.

பயிற்சி என்ன?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998இல், பொருள்களை நாமே செய்யக் கற்றுத்தரும் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்த ஃபேப் அகாடமி பாடத்திட்டத்தில் கணினி வழி வெட்டுதலுக்கென ஒரு வாரம் உண்டு. வினைல் கட்டரில் (ஸ்டிக்கர் தாளைக் கத்தியால் வெட்டும் எந்திரம்) ஏதாவது ஒன்றை வெட்ட வேண்டும். அத்துடன் லேசரில் ஒரு பாராமெட்ரிக் (ஓர் அளவை மாற்றினால் வரைபடம் முழுதும் அதற்கேற்ப மாறும்) கட்டுமானத் தொகுப்பை வெட்ட வேண்டும்; அதைப் பல விதமாகக் கோத்துப் பார்க்க முடிய வேண்டும், லேசரின் கெர்ஃப் (கதிர் தின்றுவிடும் அகலம்) கணக்கில் வந்திருக்க வேண்டும். எங்கள் பயிற்சியும் அதே மாதிரிதான். பசை, திருகு, ஆணி எதுவும் கூடாது. துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இருவரும் சேர்ந்து வரைந்தது எளிய தொகுப்பு. 50 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உள்நோக்கி 10 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி. துண்டுகளைச் செங்கோணத்திலும் சாய்வாகவும் பிணைக்கச் சில இணைப்புத் துண்டுகள். பக்கங்கள் எல்லாம் சமம் என்பதால் எதை எதோடும் கோக்கலாம். நல்ல வடிவமைப்புதான். பிழை வடிவத்தில் இல்லை.

கோட்டுக்கு அகலம் கிடையாது, கதிருக்கு உண்டு

கெர்ஃபை முதலில் சொல்லிவிட வேண்டும். திரையில் நாம் வரையும் கோட்டுக்கு அகலம் பூஜ்யம். லேசர் கதிர் அந்தக் கோட்டின் மேலேயே போகிறது. போகும்போது இருபுறமும் கொஞ்சம் பொருளை ஆவியாக்கிவிடுகிறது. அப்படிப் போன பட்டையின் அகலம்தான் கெர்ஃப். சாதாரண பட்டறைக் கார்பன் டை ஆக்ஸைடு லேசரில் இது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள் இருக்கும்.

கோட்டின் இருபுறமும் பாதிப் பாதி போவதால், எதை வரைகிறோமோ அதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும். கெர்ஃப் 0.2 என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. சதுரம் வரைந்தால் வெளியே வரும் துண்டு 19.8 ஆகச் சிறுக்கும். 20 மி.மீ. ஓட்டை வரைந்தால் அது 20.2 ஆகப் பெருக்கும். காடி என்பது ஒரு பக்கம் திறந்த ஓட்டை, ஆகவே அதுவும் பெருக்கும். இதுவரை எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது. பலரும் தடுமாறுவது அடுத்த படியில். காடிக்குள் நுழையப் போவது இன்னொரு துண்டின் தடிமன். அந்தத் தடிமனை லேசர் தொடவே இல்லை, அது ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. அதாவது இந்தப் பொருத்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும்தான் லேசர் மாற்றுகிறது. விரல் விரலாகக் கோக்கும் பெட்டி மூலையில் கதை வேறு. அங்கே நாக்கும் லேசர் வெட்டியது, பள்ளமும் லேசர் வெட்டியது, இரண்டிலும் திருத்தம் தேவைப்படும். ஒன்றுக்கான சூத்திரத்தை இன்னொன்றுக்குப் போட்டால் பொருத்தம் தவறும்.

கார்பன் டை ஆக்ஸைடு லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம், காகிதம், அக்ரிலிக் எல்லாம் இந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சி எரிந்து ஆவியாகும். பளபளக்கும் உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மேசை மேல் வைக்கும் சிறிய நீல டையோடு லேசர் வைத்திருப்பவர்கள் நிறமற்ற அக்ரிலிக்கை வெட்ட முடியவில்லை என்று புலம்புவதற்கும் அலைநீளம்தான் காரணம். நீல ஒளி கண்ணாடிக்குள் போவதுபோல அதற்குள் புகுந்து போய்விடும்.

அட்டையில் நடந்தது

முதலில் நெளி அட்டை. விலை குறைவு, சீக்கிரம் வெட்டும், தப்பானால் மனசு வலிக்காது. ஆனால் தீப்பிடிப்பதில் முதலிடம் அதற்குத்தான். வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் கருவி ஓடாமல் அட்டையை வெட்டக் கூடாது, வெட்டும் வரை எந்திரத்தை விட்டு நகரவும் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

கெர்ஃபை அளக்க நல்ல வழி, ஒற்றை வெட்டை அளக்காமல் பலவற்றைச் சேர்த்து அளப்பது. ஒரு செவ்வகத்துக்குள் அடுத்தடுத்து 10 பட்டைகள் வரும்படி 11 இணைகோடுகள். வெட்டி முடித்ததும், சட்டத்துக்குள்ளேயே எல்லாப் பட்டைகளையும் ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளினால் மறுபக்கம் ஓர் இடைவெளி திறக்கும். அது 11 கெர்ஃபுகளின் கூட்டுத்தொகை. அட்டையில் இடைவெளி 2.75 மி.மீ. வந்தது, 11ஆல் வகுத்தால் 0.25. ஒற்றைக் கோட்டின் கருகிய ஓரத்தில் வெர்னியரை நுழைத்து அளந்திருந்தால் இந்தத் துல்லியம் கிடைத்திருக்காது.

அப்புறம் சீப்பு. ஒரே துண்டில் 2.3 முதல் 3.0 வரை 0.1 இடைவெளியில் பல காடிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே அதன் எண். இரண்டு சீப்புகளை வெட்டி ஒன்றில் மற்றொன்றைச் செருகிப் பார்க்க வேண்டியதுதான். 2.3இல் அட்டை நசுங்கியது, 2.8இல் ஆடியது, 2.5இல் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கழலவில்லை. கோப்பில் ‘காடி அகலம் = 2.5’ என்று ஓர் அளவுருவை எழுதினார்கள். எல்லாக் காடிகளும் அதைப் பின்பற்றின. தொகுப்பு வெட்டப்பட்டது, பந்து கட்டினார்கள், கோபுரம் கட்டினார்கள், புகைப்படமும் எடுத்தாயிற்று.

ஒரு சின்ன விஷயத்தை அட்டையே கற்றுக்கொடுத்தது. காடி, அட்டையின் உள்நெளிவுகளுக்கு இணையாக ஓடினால் அதன் ஓரம் சில இடங்களில் வெற்றுக் குழாயின் மேல் விழுகிறது, பிடிப்பு தளர்கிறது. நெளிவுகளைக் குறுக்கே வெட்டும் காடிகள் நன்றாகப் பிடித்தன. அறுகோணத்தில் எல்லாத் திசையிலும் காடி இருப்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது.

பிளைவுட்டில் நடந்தது

பலகையில் ‘3 மி.மீ.’ என்று அச்சிட்டிருந்தது. அட்டையும் 3 மி.மீ., ஆகவே 2.5 அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். விளைவைத் தொடக்கத்தில் சொல்லிவிட்டேன். அடுத்து, கைப்பக்குவமாக 2.75க்கு மாற்றினார்கள். அதன் விளைவையும் சொல்லிவிட்டேன்.

எந்திரத்தைச் சந்தேகிப்பது தவறில்லை, ஆனால் சந்தேகத்தைச் சோதித்துத் தீர்த்துவிட வேண்டும். 100 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி அளந்தோம். அகலமும் உயரமும் 99.8. கெர்ஃப் போக வர வேண்டிய அளவு அதுதான். பெல்ட் தளர்ச்சியும் இல்லை, அளவுமாற்றச் சிக்கலும் இல்லை. அளவுமாற்றத்தைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் 2017இல் வந்த 0.92 பதிப்பில், ஓர் அங்குலத்துக்கு 90 பிக்ஸல் என்ற பழைய கணக்கை 96ஆக மாற்றியது. பழைய கணக்கில் எழுதிய கோப்பைப் புதிய கணக்கில் வாசித்தால் 100 மி.மீ. சதுரம் 93.75 ஆகிவிடும். அப்படி வந்திருந்தால் கெர்ஃபைப் பற்றிப் பேசுவதே வீண். எந்தப் பொருத்தச் சிக்கலையும் ஆராயும் முன் ஒரு சதுரத்தை வெட்டி அளந்துவிடுவது நல்லது.

எந்திரம் குற்றமற்றது என்றானதும் வெர்னியரைப் பலகையின் பக்கம் திருப்பினோம். ‘3 மி.மீ.’ பலகை ஒரு மூலையில் 2.80, நடுவில் 2.90, எதிர் ஓரத்தில் 2.95. பிளைவுட்டில் இது அதிசயமே இல்லை. அச்சிட்டிருப்பது பெயரளவுத் தடிமன்தான்.

பிறகு அதே 11 கோட்டுச் சோதனை, இந்த முறை பிளைவுட்டில். பலகையின் நடுவில் இடைவெளி 2.0 மி.மீ., அதாவது கெர்ஃப் 0.18. மூலையில் 2.6, அதாவது 0.24. ஒரே எந்திரம், ஒரே பலகை, ஒரே வேகம், ஒரே சக்தி, இரண்டு கெர்ஃப்! காரணம் குனிந்து பார்த்ததும் தெரிந்தது. பலகை லேசாக வளைந்திருந்தது, மூலை தட்டிலிருந்து தூக்கி நின்றது. லென்ஸிலிருந்து வரும் கதிர் உடுக்கை மாதிரி. இடுப்பில் மட்டும்தான் ஒல்லி. அந்த இடுப்பு பலகையின் மேற்பரப்பை விட்டு விலகினால் வெட்டு அகலமாகும், ஓரமும் சரிவாகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் சுற்றில் 2.5 வரைந்த காடி நிஜத்தில் 2.68 ஆனது. அதற்குள் 2.9 மி.மீ. பலகை போக வேண்டும், 0.22 மி.மீ. அதிகம். அட்டையிலும் கிட்டத்தட்ட இதே நெருக்கம்தான் இருந்தது: 2.5 வரைந்த காடி 2.75 ஆனது, அட்டை 3.0, நெருக்கம் 0.25. அட்டை நசுங்கி இடம் கொடுத்தது, மரம் கொடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் 2.75 வரைந்த காடி நடுவில் 2.93, மூலையில் 2.99. நடுவில் வெட்டிய காடியில் 2.95 தடிமனுள்ள துண்டு சேர்ந்தால் பிடிக்கும். மூலையில் வெட்டிய காடியில் 2.80 துண்டு சேர்ந்தால் 0.19 மி.மீ. சந்து. ஒரே பலகையில் இறுக்கமும் தளர்ச்சியும் கலந்து வந்த மர்மம் இவ்வளவுதான்.

எண்ணுக்குள் மூன்று காரணங்கள்

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இங்கேதான். 2.5 என்பது சரியான எண்தான், அந்த அட்டைக்கு, அந்த அமைப்பில், அந்த நாளில். ஆனால் அது அளந்து கிடைத்த எண் அல்ல, ஒரு கணக்கின் விடை. தடிமன் 3.0, கழித்தல் கெர்ஃப் 0.25, கழித்தல் இறுக்கம் 0.25. கோப்பில் கணக்கை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டார்கள். பொருள் மாறியபோது மூன்றுமே மாறின. எது எவ்வளவு மாறியது என்று கேட்க அந்த ஒற்றை எண்ணில் வழியில்லை. ஆகவே ஊகித்து நகர்த்த வேண்டியதாயிற்று.

புதிய கோப்பில் மூன்றையும் பிரித்தார்கள். காடி அகலம் = தடிமன் − கெர்ஃப் − இறுக்கம். தடிமன் வெர்னியரிலிருந்து வரும். கெர்ஃப் 11 கோட்டுச் சோதனையிலிருந்து வரும். இறுக்கம் ஒன்றுதான் கையால் உணர்ந்து முடிவு செய்வது. சீப்பு இனி அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க மட்டும். பிளைவுட்டுக்கு 0.05 போதுமானதாக இருந்தது. தட்டையான புதுப் பலகை, தடிமன் 2.90, ஊசிகளால் தேன்கூட்டுத் தட்டோடு அழுத்திப் பிடித்தாயிற்று. 2.90 − 0.18 − 0.05 = 2.67.

வெட்டினார்கள். மறுபடியும் துண்டுகள் நுழையவில்லை. முதல் சுற்றில் இருந்த அதே முரட்டு இறுக்கம்.

இந்த முறை யாரும் எண்ணை நகர்த்தவில்லை. பொறியியல் படித்தவர் ஒரு துண்டின் வெளி அளவை அளந்தார். 50 மி.மீ. சதுரம் மிகச் சரியாக 50.00 இருந்தது. “இது 49.82 தானே இருக்கணும்?” என்று கேட்டார். இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்குப் பிடித்த தருணம் அது. அளவு துல்லியமாக வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட ஒருவருக்குக் கெர்ஃப் உண்மையிலேயே புரிந்திருக்க வேண்டும். எந்திரத்தின் மென்பொருளைத் திறந்து பார்த்தால், இடையில் வேறு யாரோ செய்த வேலைக்காக அதிலிருந்த கெர்ஃப் ஈடு (கெர்ஃபுக்கேற்பக் கோட்டைத் தானே நகர்த்தும் அமைப்பு) இயக்கப்பட்டே கிடந்தது. கோப்பில் ஒரு முறை, மென்பொருளில் ஒரு முறை என்று கெர்ஃப் இரண்டு தடவை கழிந்து, காடி நிஜத்திலும் 2.67 ஆகவே வெட்டுப்பட்டிருந்தது.

ஈடு எங்கே செய்வது என்பதில் இரு கட்சி உண்டு. வடிவமைப்புக் கோப்பில் உண்மையான அளவுகள் மட்டும் இருக்கட்டும், கெர்ஃப் எந்திரத்தின் சங்கதி, அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஒன்று. கோப்பைப் பார்த்தாலே எல்லாம் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. பலர் மாறி மாறி உபயோகிக்கும் எந்திரத்தில் நான் இரண்டாவது கட்சி. அடுத்தவர் விட்டுப்போன அமைப்பை நம்பி என் காடிகள் நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. முதல் வழியைப் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோட்டை ஒரு பக்கமாக நகர்த்தும் கட்டத்தில் இட வேண்டியது கெர்ஃபின் பாதி, முழுதல்ல.

ஈட்டை அணைத்துவிட்டு வெட்டியதும் துண்டுகள் கட்டைவிரல் அழுத்தத்தில் நுழைந்தன, நின்றன.

கோப்பு உடைந்தது வேறு கதை

பிளைவுட் சரியானதும் ஆசை வந்தது. அளவுருக்கள்தான் இருக்கின்றனவே, தடிமனை 6 என்று மாற்றிப் பெரிய தொகுப்பு ஒன்று வெட்டலாமே! மாற்றினார்கள். இரண்டு விபரீதங்கள் திரையிலேயே தெரிந்தன.

முதலாவது, காடிகள் நடுவிலிருந்து விலகிவிட்டன. டிசைனர் வரைந்தபோது காடியின் இடது சுவரை மூலையிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று வைத்திருந்தார். அகலம் கூடியபோது காடி வலப்பக்கமாக மட்டும் வளர்ந்தது. பக்கத்தின் நடுக்கோட்டை வரைந்து, இரு சுவர்களும் அதற்குச் சமச்சீர் என்று கட்டுப்பாடு வைத்ததும் அது தீர்ந்தது. வடிவியல் உறவுகளைச் சொல்லிவிட்டால் கணினி வரைபடத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற எண்ணம் பழையது. ஐவன் சதர்லாண்ட் 1963இல் எம்.ஐ.டி.யில் செய்துகாட்டிய ஸ்கெட்ச்பேடிலேயே கட்டுப்பாடுகள் இருந்தன. இன்றைய எல்லா பாராமெட்ரிக் மென்பொருளும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் எந்த உறவைச் சொல்ல வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லித் தராது.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். காடியின் ஆழத்தைத் தடிமனின் மூன்றரை மடங்கு என்று வைத்திருந்தார்கள். 3க்கு ஏறத்தாழ 10 மி.மீ., நல்ல விகிதம். 6க்கு அது 21. பக்கம் 50 மி.மீ. உள்ள சமபக்க முக்கோணத்தில், பக்கத்தின் நடுவிலிருந்து மையத்துக்கு உள்ள தூரம் 14.4 மி.மீ.தான். மூன்று பக்கத்துக் காடிகளும் மையத்தைத் தாண்டி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. மென்பொருள் பிழை எதுவும் காட்டவில்லை. கோடுகள் அழகாக வரையப்பட்டன. வெட்டியிருந்தால் ஒரு முக்கோணத்துக்குப் பதில் மூன்று தனித் துண்டுகள் கையில் கிடைத்திருக்கும்.

சரி, பக்க அளவையும் தடிமனோடு கட்டிவிடலாம், தடிமனின் 17 மடங்கு என்று முடிவு செய்தார்கள். 6க்கு 102 மி.மீ., காடிகள் மோதாது. அங்கேயும் ஒரு பொறி இருந்தது. வெர்னியர் சொன்ன தடிமனோடு பக்க அளவைக் கட்டினால், 2.80 பலகையில் வெட்டிய முக்கோணத்தின் பக்கம் 47.6, 2.95 பலகையில் வெட்டியது 50.15. இரண்டு பலகையின் துண்டுகளும் ஒரே தொகுப்பில் சேராது, பந்து மூடாது. கடைசியில் தடிமனையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பெயரளவுத் தடிமன் ஒன்று, அளந்த தடிமன் ஒன்று. பக்கம், காடி ஆழம், இணைப்புத் துண்டின் நீளம் எல்லாம் பெயரளவோடு. காடி அகலம் மட்டும் அளந்ததோடு.

பாராமெட்ரிக் என்றால் எல்லா எண்ணுக்கும் ஒரு பெயர் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் வைப்பது சுலபம். எது எதைச் சார்ந்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக எது எதைச் சாரக் கூடாது என்று தீர்மானிப்பதில்தான் நேரம் போகிறது. இந்தக் கோப்பில் அளவுருக்கள் எட்டைத் தாண்டவில்லை, ஆனால் அவற்றை இணைக்கும் சூத்திரங்களைப் பற்றி நடந்த வாக்குவாதம் வெட்டும் நேரத்தைவிட நீளமானது.

போகிற போக்கில் இரண்டு திருத்தங்கள் சேர்ந்தன. காடியின் வாயில் ஒரு மில்லிமீட்டர் சரிவு கொடுத்தார்கள். துண்டு நேராக வழி கண்டு நுழைந்தது, மேல் அடுக்கு சிலும்புவது அதோடு நின்றது. வெட்டும் வரிசையையும் மாற்றினார்கள். உள்ளே உள்ள கோடுகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோடு முதலில் வெட்டுப்பட்டால் துண்டு தட்டில் இறங்கி நகர்ந்துவிடும், அதன்பின் உள்ளே வெட்டுவதெல்லாம் இடம் தவறும்.

ஸ்டிக்கர் வெட்டியதும் அதன் தனிக் கணக்கும்

தொகுப்பை வைக்கும் பெட்டிக்குத் தமிழில் ஒரு பெயர்ப் பட்டி வேண்டும் என்று டிசைனர் ஆசைப்பட்டார். லேசர் பக்கத்திலேயே இருக்கிறதே, வினைலையும் அதிலேயே வெட்டலாமா என்று கேட்டார். கூடாது. ஸ்டிக்கர் வினைல் என்பது பி.வி.சி. அதை லேசரில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், எந்திரத்தின் இரும்பையும் துருவாக்கும். பெயர் தெரியாத பிளாஸ்டிக் கைக்கு வந்தால், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி சுடரில் காட்டிப் பார்க்கலாம். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கலாம், லேசர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வினைல் கட்டரில் கத்தி எதையும் எரிப்பதில்லை, எடுப்பதும் இல்லை, பிளக்க மட்டும் செய்கிறது. ஆகவே கெர்ஃப் கிடையாது. ஆனால் அதற்கும் ஓர் எண் உண்டு. கத்தியின் முனை அதன் சுழல் அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுப் பின்னால், வழக்கமாக 0.25 மி.மீ. தள்ளி இருக்கும், தள்ளுவண்டியின் சக்கரம் போலத் திசைக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும். இந்த விலகலை எந்திரத்துக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் மூலைகள் கெடும். குறைத்துச் சொன்னால் கூர்மூலை மழுங்கும், கூட்டிச் சொன்னால் மூலையில் சிறு கொம்பு முளைக்கும். ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி அதன் நான்கு மூலைகளை உற்றுப் பார்த்தால் போதும்.

அழுத்தமும் கத்தி நீட்டமும் அடுத்தது. வினைல் முழுதாக வெட்டுப்பட வேண்டும், அடியிலுள்ள காகிதத்தில் கீறல் மட்டும் விழ வேண்டும். அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவதுதான் வழி. மேலிருந்து இறங்கி வந்தால் கத்தி மழுங்கும், அடிக்காகிதமும் கிழியும்.

தமிழ் எழுத்து தனிச் சிரமம் கொடுத்தது. கட்டரோடு வந்த மென்பொருளில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இங்க்ஸ்கேப்பில் எழுதி, பாதையாக மாற்றிக் கொண்டுவந்தபோது அது சரியானது. ஆனால் சில எழுத்துருக்களில் எழுத்தும் அதன் துணைக்காலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படியே அனுப்பினால் கத்தி இரண்டின் ஓரங்களையும் தனித்தனியே வெட்டி எழுத்தின் வயிற்றில் கோடு போட்டுவிடும். எல்லாவற்றையும் ஒன்றிணைத்த பிறகே அனுப்ப வேண்டும். அதற்கும் மேல் புள்ளிகள். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாத தனித் துணுக்கு. தேவையற்ற வினைலை உரிக்கும்போது அதுதான் முதலில் கூடவே கிளம்பும். புள்ளிகளை எழுத்துருவில் இருந்ததைவிடப் பெரிதாக்கி, உரிக்கும் பட்டையைத் தாழ்வாக மடித்து மெதுவாக இழுத்தபோது அவை தங்கின. லத்தீன் எழுத்தில் மட்டும் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லையின் முழு வீச்சு தெரியாது; அவர்களுக்கு i, j இரண்டிலும்தான் புள்ளி.

இப்போதைய நிலை

பிளைவுட் தொகுப்பு வேலை செய்கிறது. புதுப் பலகை வரும்போதெல்லாம் நான்கு மூலையிலும் நடுவிலும் தடிமன் அளக்கிறார்கள், வித்தியாசம் 0.1 மி.மீ.யைத் தாண்டினால் அந்தப் பலகை வேறு வேலைக்குப் போகிறது. பலகையின் ஓரத்தில் மூன்று காடி கொண்ட குட்டிச் சீப்பு ஒன்று முதலில் வெட்டப்படுகிறது, அது பிடித்தால்தான் மீதி. லென்ஸைத் துடைத்தாலோ மாற்றினாலோ கெர்ஃப் மறுபடி அளக்கப்படுகிறது.

அக்ரிலிக் பதிப்பு மட்டும் நின்றுபோயிருக்கிறது. வார்ப்பு அக்ரிலிக் தடிமனில் பிளைவுட்டைப் போலவே அலைகிறது, ஆனால் துளியும் நசுங்காது. இறுக்கத்தை 0.05 வைத்தால் காடியின் அடிமூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது, பூஜ்யம் வைத்தால் துண்டு நிற்பதில்லை. அடிமூலைகளை வட்டமாக்கியதில் விரிசல் குறைந்தது, போகவில்லை. அடுத்து, காடிக்கு இருபுறமும் ஒட்டினாற்போல ஒல்லியான கீற்றுகளை வெட்டி, சுவர்களே வளைந்து கொடுக்கும்படி செய்து பார்க்கப் போகிறார்கள். அதற்காகக் கோப்பில் ‘சுவர் தடிமன்’ என்று இன்னோர் அளவுரு சேர்ந்திருக்கிறது. அது பெயரளவுத் தடிமனைச் சார வேண்டுமா, அளந்ததையா, அல்லது இரண்டையுமே சாராமல் தனியே நிற்க வேண்டுமா என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.